சங்கைச் செய்தவர் யார்?

வெள்ளி விலை ஏறினால் முதலில் அழிவது பழைய சாமான்தான். இது புதுக்கதை இல்லை. 1980 ஜனவரியில், அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் ஒரு அவுன்ஸ் ஐம்பது டொலருக்குக் கிட்டப் போனது. அந்த நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த கரண்டி, தட்டு, தேநீர்க் கேத்தல் எல்லாம் அப்போது மூட்டையாகக் கட்டப்பட்டு உருக்குகிற இடத்துக்குப் போயின. நூற்றைம்பது வருசப் பழைய கரண்டியும் அதுக்குள்ள இருந்தது, போன வருசம் வாங்கின கரண்டியும் இருந்தது. உலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

2025 ஒக்டோபரில் வெள்ளி அந்தப் பழைய உச்சத்தைத் தாண்டியது. இந்தமுறை உலைக்குப் போகிறதில் எங்கட வீட்டு அலுமாரிச் சாமான்களும் இருக்கு. திருகோணமலையில் எந்தக் கலியாண வீட்டிலும் கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்கோ. "சும்மா கிடந்து கறுக்குது, விலை நல்லா இருக்கு, குடுத்திட்டம்" என்று ஒருவராவது சொல்லுவார். குடுத்தது என்ன? பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், வெற்றிலைத் தட்டம், பிள்ளைக்குப் பால் பருக்கிற சங்கு. கிராம் கணக்கில் போன பிறகு அவற்றுக்கு வேறு கணக்கு கிடையாது.

விற்கிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் கருத்து சின்னது: விற்கிறதுக்கு முதல் எழுதி வைப்போம். ஏன் எழுத வேண்டும், எழுதினால் என்ன கிடைக்கும் என்று காட்ட, கொஞ்சம் தூரமான ஒரு உலகத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பழைய அமெரிக்க வெள்ளிக் கரண்டி சேர்க்கிறவர்களின் உலகம் அது.

பின்பக்கத்தை வாசிப்பவர்கள்

அந்த ஆட்களின் கையில் ஒரு கரண்டியைக் குடுத்தால் முன்பக்கத்தின் வடிவைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். உடனே திருப்பிப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பிடியின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கேதான் முத்திரை இருக்கும்.

இங்கிலாந்தில் முத்திரை என்பது சட்டம் போட்ட ஒழுங்கு. நடந்து போகிற சிங்கம் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங். பக்கத்தில் சோதித்த நகரத்தின் குறி, ஆண்டைச் சொல்லும் ஒரு எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். அமெரிக்காவில் இப்படி நாடு முழுக்க ஒரு சோதனைச் சாலை இருக்கவில்லை. அங்கே வெள்ளி வேலை செய்தவர் தன்னுடைய பெயரையே அடித்தார். அந்தப் பெயர்தான் உத்தரவாதம். 'ஸ்டெர்லிங்' என்று அடித்தால் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1906இல்தான் வந்தது.

அரசாங்க முத்திரை இல்லாதது ஒரு குறைதான். ஆனால் அந்தக் குறையாலேயே ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பெயர்கள் தப்பின. சின்ன ஊர் ஒன்றில் கடை வைத்திருந்த, எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இடம் பிடிக்காத ஒருவரின் பெயர், ஒரு தேக்கரண்டியின் முதுகில் இருநூறு வருசம் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு விசயம் எங்களுக்கு நல்லா விளங்கும். ஆரம்பகால அமெரிக்கத் தட்டார்களுக்கு உள்நாட்டு வெள்ளிச் சுரங்கம் இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவந்த நாணயங்களை, பெரும்பாலும் மெக்சிக்கோ, பெரு பக்கத்து வெள்ளியில் அடித்த ஸ்பானிய டொலர்களை, உருக்கித்தான் கரண்டி செய்தார்கள். அதனால்தான் பழைய கரண்டிகளுக்கு 'காயின் சில்வர்' என்று பெயர். சுமார் 900 பங்கு வெள்ளி. ஏன் காசைக் கரண்டி ஆக்கினார்கள்? வங்கி இல்லாத காலம். காசு களவு போனால் "இது என்னுடைய காசு" என்று யாரிடமும் நிரூபிக்க ஏலாது. கரண்டியில் குடும்பப் பெயரின் எழுத்து மேலே, புருசன் பெண்சாதி இரண்டு பேரின் முதலெழுத்துகள் கீழே என்று வெட்டி வைத்தால் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அவசரத்துக்கு உருக்கித் திரும்பக் காசாக்கலாம். எங்கட அம்மாமார் சங்கிலியும் காப்பும் வாங்கி வைத்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பிறகு 1859இல் நெவாடாவில் கொம்ஸ்டொக் என்ற பெரிய வெள்ளிப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளி மலிந்தது, தொழிற்சாலைகள் பெருகின. டிஃபனி 1850களிலும் கோர்ஹாம் 1868இலும் 925 தரத்துக்கு மாறின. மீனுக்கு ஒரு கரண்டி, ஐஸ்கிரீமுக்கு ஒரு கரண்டி, ஊறுகாய்க்கு ஒரு முள்ளுக்கரண்டி என்று நடுத்தர வர்க்கத்து மேசை நிறைந்தது. 1890களில் ஊருக்கு ஊர் நினைவுக் கரண்டி வாங்குகிற பைத்தியம் பிடித்தது. சேலம் என்ற ஊரில் சூனியக்காரியின் உருவம் போட்ட கரண்டி விற்றார்கள். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சி நடந்தபோது கொலம்பஸ் முகம் போட்ட கரண்டிகள் வகைவகையாக வந்தன. எங்கட ஓர்ஸ் ஹில் விவேகானந்தா கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டைச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. அதே கண்காட்சியை ஒட்டி நடந்த மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார்.

இதெல்லாம் இன்றைக்கு எப்படித் தெரிய வந்தது? பெரிய அருங்காட்சியகங்கள் மட்டும் கண்டுபிடித்துத் தரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால்காரர், கடைக்காரர் என்று சாதாரண ஆட்களும் கரண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, முத்திரைகளை வரைந்து, பழைய விளம்பரங்களோடு ஒப்பிட்டு, பட்டியல் போட்டார்கள். சேர்க்கிற பழக்கத்தின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். பொருள் ஒருவரின் அலுமாரிக்குள் போகும். அதைப் பற்றிய அறிவு எல்லாருக்கும் வரும்.

மூன்று நங்கூரம்

சரி, இதுக்கும் திருகோணமலைக்கும் என்ன? இருக்கு.

இது துறைமுகம். 1957 ஒக்டோபரில் தளத்தைக் கையளிக்கும் வரை பிரித்தானியக் கடற்படை இங்கே குடியிருந்தது. டொக்யாட்டில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உட்துறைமுக வீதி, ஓர்ஸ் ஹில் பக்கமெல்லாம் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த வீடுகள் சிலவற்றில் 'வெள்ளைக்காரன்ர சாமான்' என்று ஒரு இனம் உண்டு: ஒரு பீங்கான், ஒரு சாடி, ஒரு முள்ளுக்கரண்டி.

இப்படி ஒரு கரண்டியை ஓர்ஸ் ஹில்லில் என் சிநேகிதியின் வீட்டில் பார்த்தேன். கனமான கரண்டி. பிடியின் முனையில் கயிறு சுற்றிய நங்கூரம், அதோடு யூ.எஸ்.என். என்று மூன்று எழுத்து.

"அது எங்கட அப்பர் கொண்டந்தது பிள்ளை. சண்டைக் காலத்தில டொக்யாட்டில வேலை செய்தவர்" என்றா அவளின் அம்மம்மா.

"அமெரிக்கன்ர கரண்டி எப்பிடி அம்மம்மா இங்க வந்தது?"

"வெள்ளைக்காரன் எல்லாம் ஒரு வெள்ளைக்காரன்தானே!"

நாங்கள் சிரித்தோம். ஆனால் கேள்விக்கு வழி இருக்கு. 1944 மார்ச் கடைசியில் யூ.எஸ்.எஸ். சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல், மூன்று நாசகாரிக் கப்பல்களோடு திருகோணமலைக்கு வந்து பிரித்தானியக் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்தது. ஏப்ரல் 19ஆம் திகதி இரண்டு நாட்டு விமானங்களும் சேர்ந்து சுமாத்திராப் பக்கத்தில் ஜப்பானியர் வசம் இருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கின. கப்பல் என்றால் அதிகாரிகளுக்குச் சாப்பாட்டு மேசை, மேசை என்றால் கரண்டி. இந்தக் கரண்டி அந்தக் கப்பல்களில் இருந்துதான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு அமெரிக்கக் கரண்டி இந்தத் துறைமுகத்தில் கரை ஏறுவதற்கு வரலாற்றில் இடம் இருக்கு, அவ்வளவுதான்.

நங்கூரம் ஏமாற்றக்கூடிய குறி. துறைமுகத்து ஆட்களான எங்களுக்கு நங்கூரம் என்றாலே கடற்படை. கரண்டி சேர்க்கிறவர்கள் அப்படி அவசரப்பட மாட்டார்கள். பிடியின் முன்பக்கத்தில் பெரிதாக இருந்தால் அது கப்பல் நங்கூரமாக இருக்கலாம். பின்பக்கத்தில் சின்னதாக, சிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பேர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் குறி. 1773இல் இருந்து அந்த நகரத்துக்கு நங்கூரம்தான் அடையாளம், அங்கே கடல் இல்லாவிட்டாலும். சிங்கம், நங்கூரம், பழைய பாணியில் ஒரு 'ஜி' எழுத்து என்று மூன்றும் வரிசையாக இருந்தால் அது அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இருந்த கோர்ஹாம் கம்பனி. ஒரே நங்கூரம், மூன்று கதை. எங்கே இருக்கு, பக்கத்தில் என்ன இருக்கு என்று பார்க்கத் தெரிந்தால்தான் கதை பிடிபடும்.

சிநேகிதியின் வீட்டுக் கரண்டி வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். வாய்ப்பக்கம் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கிற உலோகம் மங்கின மஞ்சளாகத் தெரிந்தது. செம்பு, நிக்கல், நாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. 'நிக்கல் சில்வர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு துளி வெள்ளியும் இல்லை. காந்தம் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது, ஏனென்றால் இரண்டிலும் காந்தம் ஒட்டாது.

அதே அலுமாரியில் ஒரு வெள்ளிச் சங்கு இருந்ததாம். அம்மம்மாவுக்கும், அவவின் பிள்ளைகளுக்கும், என் சிநேகிதிக்கும் பால் பருக்கின சங்கு. நான் போவதற்கு இரண்டு மாதம் முதல் அதை விற்றுவிட்டார்கள். கரண்டியையும் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "இது வெள்ளி இல்லை" என்று திருப்பித் தந்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கோ: கரண்டி தப்பினது அதுக்கு விலை இல்லாததால். சங்கு போனது அது உண்மையான வெள்ளி என்பதால். எங்கட வீடுகளில் மிஞ்சப் போவது விற்க ஏலாத சாமான் மட்டும்தான் என்றால், நூறு வருசம் கழித்து எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வெள்ளைக்காரனின் கரண்டியை மட்டும் பத்திரப்படுத்தி வைத்த சனம் என்றா?

அந்தக் கரண்டியைப் பற்றி ஒரு பின்னேரம் முழுக்க நாங்கள் தேடித் தேடி வாசித்தோம். சங்கைப் பற்றி வாசிக்க ஒன்றுமே இல்லை. எந்த ஊரில் செய்தது, எந்தக் காலம், எந்தத் தட்டார், எவ்வளவு எடை, விளிம்பில் என்ன வேலைப்பாடு? ஒரு படம்கூட இல்லை.

அடியில் யாருடைய பெயர்?

"எங்கட ஆட்கள் பெயர் வெட்டுகிற பழக்கம் இல்லாதவர்கள்" என்று சொல்லி இதை முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். அது சரியில்லை. தமிழர் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் நிறைய இருக்கு. குடத்திலும் தட்டத்திலும் செம்பிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். கலியாணத்துக்கு மாமா குடுத்தது, குடிபூரலுக்குச் சித்தி குடுத்தது, சில நேரம் திகதியோடு. ஆனால் அந்தப் பெயர்களைக் கவனித்துப் பாருங்கோ. குடுத்தவரின் பெயர் இருக்கும், வாங்கினவரின் பெயர் இருக்கும். செய்தவரின் பெயர் இருக்காது.

தட்டார் வீட்டுக்கே வந்து விறாந்தையில் இருந்து செய்து தந்தவர் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். "அவரின்ர பெயர் என்ன?" என்று கேட்டால், "தட்டார்தான்" என்பார்கள். சாதிப்பெயர் ஞாபகம் இருக்கு, ஆளின் பெயர் ஞாபகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தட்டாதெருச் சந்தி என்று ஒரு சந்திக்கே பெயர் இருக்கு. அந்தத் தெருவில் சுத்தியல் பிடித்த ஒரு மனிசரின் பெயரை எங்களில் எத்தனை பேர் சொல்லுவோம்? இது வெறும் ஞாபக மறதி இல்லை. யாருடைய பெயரைக் கேட்டு வைக்கத் தேவையில்லை என்று எங்கட சமூகம் எப்பவோ முடிவெடுத்து வைத்திருந்தது.

முத்திரை இருந்தாலும் நியாயம் கிடைத்துவிடாது. ஓர்ஸ் ஹில் என்ற பெயரால் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது சென்னை அண்ணா சாலையில் இருக்கிற பி. ஓர் அண்ட் சன்ஸ். பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு சொல்ல வரவில்லை. மணிக்கூடு விற்றதால் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கம்பனி, 19ஆம் நூற்றாண்டில் வெள்ளி வேலைக்கும் பேர் பெற்றது. தேநீர்க் கேத்தலிலும் கிண்ணத்திலும் கடவுளர் உருவங்களை வரிசையாகப் புடைத்து எடுக்கிற 'சுவாமி' வேலைப்பாடு அது. 1875–76இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளில் ஓர் கம்பனியின் சுவாமி வேலைத் தேநீர்த் தொகுதியும் இருந்தது. இன்றைக்கும் ஏல விற்பனைகளில் அந்தச் சாமான்களுக்கு நல்ல கிராக்கி. அடியைத் திருப்பிப் பார்த்தால் 'ஓர்' என்று இருக்கும். முருகனின் மயிலையும் பிள்ளையாரின் தும்பிக்கையையும் உள்ளே இருந்து தட்டித் தட்டி எழுப்பின கை, ஸ்கொட்லாந்துப் பெயர் கொண்ட முதலாளியின் கை இல்லை என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கைக்குப் பெயர் இல்லை.

அமெரிக்காவிலும் இதேதான். தென்கரோலைனாவின் சார்ள்ஸ்டன் நகரத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர்கள் வெள்ளி வேலை செய்தார்கள். சாமானில் இருப்பது எசமானின் முத்திரை. கரீபியன் தீவுகளில் பிறந்து, பிலடெல்பியாவில் தொழில் பழகிய பீட்டர் பென்ட்சன் என்ற சுதந்திரமான கறுப்பினத் தட்டாரின் சொந்தப் பெயர் அடித்த சில சாமான்கள் தப்பியிருக்கின்றன. அந்தச் சில சாமான்களுக்கு இன்றைக்கு அருங்காட்சியகங்களில் பெரிய இடம் குடுத்திருக்கிறார்கள், ஏனென்றால் அப்படி ஒரு பெயர் கிடைப்பது அவ்வளவு அரிது.

ஆகவே முத்திரையை வாசிக்கத் தெரிவது பாதி வேலை. முத்திரை யாரை மறைக்குது என்று கேட்பது மீதி வேலை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இரண்டாவது கேள்விதான் பாடம்.

பொஸ்டனில் ஒரு கிண்ணம், ஒரு தமிழர்

பெயர் எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதுக்கு ஒரு உதாரணம். போல் ரிவியர் என்ற பொஸ்டன் தட்டார் 1768இல் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்தார். பிரித்தானிய அரசின் வரிக்கு எதிராக எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற மறுத்து வாக்களித்த 92 மக்கள் பிரதிநிதிகளைப் பாராட்டிச் செய்தது அது. செய்யச் சொன்ன 15 பேரின் பெயர்களும் விளிம்பைச் சுற்றி வெட்டியிருக்கு. செய்தவரின் முத்திரையும் இருக்கு. 1949இல் அதைப் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வாங்கியபோது காசு பொதுமக்களிடம் சேர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தங்கட பங்குக்குக் காசு போட்டார்கள். ஒரு கிண்ணத்துக்குப் பள்ளிப் பிள்ளை காசு போட வேண்டும் என்றால், அந்தக் கிண்ணம் யாருடையது, எதுக்குச் செய்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அருங்காட்சியகத்தில் 1917இல் இருந்து 1947இல் இறக்கும் வரை வேலை செய்தவர் யார் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். இலங்கையில் இருந்த காலத்தில் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களைத் தேடிப் போய், அவர்களின் கருவிகளை, முறைகளை, சமூக நிலையை எல்லாம் பதிந்து, 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். இரும்பு, பித்தளை, பொன், வெள்ளி வேலை எல்லாம் அதில் இருக்கு. இன்றைக்கு அந்தத் தொழில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நூலைத் தொடாமல் எழுத ஏலாது.

ஒருவர் நடந்து போய்க் கேட்டு எழுதினதால் ஒரு பகுதியின் கைவினைக்கு நூறு வருசத்துக்கு மேல் நிற்கிற சாட்சி கிடைத்தது. வடக்கு கிழக்கில் வெள்ளியும் பித்தளையும் அடித்தவர்களைப் பற்றி அதே அளவில் எழுத வேண்டியது இன்னும் இருக்கு. அதுக்குப் பெரிய அறிஞர் ஒருவர் பிறந்து வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எங்கள் எல்லாரிடமும் கையில் போன் இருக்கு.

எதிர்க்கேள்விகள்

"சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற வீட்டில் போய் வரலாறு பேசுறியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் வரிசையில் நின்ற யாருக்கும் அடகுச் சீட்டின் அருமை தெரியும். 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் கையில் கட்டிக்கொண்டு ஓடினது வெள்ளியையும் நகையையும்தான். 2004இல் கடல் வந்தபோது சிலருக்கு அதுவும் மிஞ்சவில்லை. வெள்ளி எங்களுக்கு அலங்காரமாக இருந்ததை விட ஆபத்துக்கு உதவினதுதான் அதிகம். அந்த உதவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் படம் எடுக்கக் காசு தேவையில்லை. விற்கிற அன்று காலமை பத்து நிமிசம் போதும். சாமான் போனாலும் சாட்சி நிற்கும்.

"பழசு சேர்க்கிறவர்கள்தான் ஏழை வீடுகளில் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கொழும்பிலும் வெளிநாட்டிலும் விற்கிறார்கள்" என்று இன்னொரு கேள்வி. அதுவும் உண்மைதான். வாங்குகிறவருக்கு அதன் கதை தெரிந்து, விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்கும் வரை அந்த வியாபாரம் அப்படித்தான் நடக்கும். இதுக்கும் மருந்து அறிவுதான். உங்கட பாக்குவெட்டி எந்தக் காலத்து வேலை என்று உங்களுக்குத் தெரிந்தால், அதை யாரும் பழைய இரும்பு விலைக்குக் கேட்க ஏலாது.

"வெள்ளிச் சாமான் எல்லாம் வசதியான வீட்டுக் கதை" என்பது மூன்றாவது. பாதி சரி. ஒரு சங்காவது, ஒரு சோடித் தண்டையாவது சாதாரண வீடுகளிலும் இருந்தது. வெள்ளி இல்லாவிட்டால் பித்தளை மூக்குப்பேணி இருக்கு, வெண்கலச் சட்டி இருக்கு, மரத் திருவலை இருக்கு. கேள்வி ஒன்றுதான்: செய்தவர் யார்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். அடுத்தமுறை வீட்டுக்குப் போகேக்க அலுமாரியைத் திறவுங்கோ. ஒரு சாமானை எடுங்கோ. வெளிச்சமான இடத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் படம் எடுங்கோ. முத்திரையோ வெட்டின எழுத்தோ இருந்தால் கிட்டப் பிடித்து இன்னொரு படம். மின்தராசு இருந்தால் எடை.

படம் எடுக்க முதல் மினுக்க வேண்டாம். வெள்ளி கறுக்கிறது காற்றில் இருக்கிற கந்தகத்தால். அது பொருளைக் கெடுக்காது. திருநீறு போட்டு அழுத்தித் தேய்க்கத் தேய்க்க மேல்படை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முதலில் அழிவது மெல்லிசான வெட்டெழுத்து. முலாம் பூசின சாமான் என்றால் முலாமே போயிடும். மெல்லிய சவர்க்காரத் தண்ணியும் மென்மையான துணியும் போதும்.

பிறகு வீட்டில் மூத்த ஆளிடம் ஐந்து கேள்வி. இது எப்ப வந்தது? யார் குடுத்தது? எங்க செய்தது? செய்தவரின் பெயர் என்ன, அவரின்ர ஆட்கள் இப்ப எங்க? இதை வைத்து என்ன செய்தனீங்கள்? பதிலைக் குரல்பதிவாக எடுங்கோ, பிறகு எழுதலாம். "தெரியாது" என்று சொன்னால் அதையும் எழுதுங்கோ. நாலாவது கேள்விக்கு எத்தனை வீட்டில் பதில் இல்லை என்று பார்த்தாலே எங்கட சமூகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம்.

வரலாறு, சமூகவியல், தமிழ் என்று கலைப்பீடத்தில் படிக்கிறவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு இல்லை என்று அலைகிற அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் இது கைக்கெட்டின தலைப்பு. தொழிலை விட்டுவிட்ட தட்டார் குடும்பங்கள் எங்கட ஊர்களிலேயே இருக்கின்றன. அவர்களின் வீட்டில் பழைய அச்சும் உளியும் துருத்தியும் இன்னும் ஒரு மூலையில் கிடக்கலாம். வாங்கினவர்களின் வீட்டுக்குப் போகிறதுக்கு முதல் செய்தவர்களின் வீட்டுக்குப் போங்கோ. அந்தப் பெயர்கள் ஞாபகத்தில் இருக்கிறவர்களுக்கு இப்போது எண்பது வயசுக்கு மேல். வெள்ளி விலை அடுத்த மாதம் ஏறுமோ இறங்குமோ என்று யாருக்கும் தெரியாது. அவர்களிடம் கேட்க இருக்கிற காலம் குறைந்துகொண்டு போவது மட்டும் நிச்சயம்.